பந்தை நிறுத்துகிற அறை

ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் கோல்ஃப் திடல்கள் நவம்பரில் மூடினால் மறுபடி திறக்க ஏப்ரல் ஆகிவிடும். 2002இலும் 2007இலும் கனடியன் ஓபன் போட்டி நடந்த ஆங்கஸ் கிளென் திடலுக்கும் இதே கதைதான். அத்தனை மாதமும் விளையாட்டை விட்டிருக்க மனமில்லாதவர்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு திடலை அமைத்துக்கொள்கிறார்கள். நிலவறையில் சும்மா கிடக்கும் ஓர் அறை, ஒரு திரை, புரொஜெக்டர், கணினி, பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் கருவி. நிஜ மட்டையால் நிஜப் பந்தைத் திரையை நோக்கி அடிக்க வேண்டும். பந்து திரையில் மோதி விழுந்துவிடும். படத்தில் மட்டும் அது தொடர்ந்து பறந்து மரங்களைத் தாண்டிப் புல்லில் இறங்கும்.

இதற்கான கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அறையைக் கட்டுகிறவர்களைப் பற்றி எழுத யாருமில்லை. மார்க்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இப்படி ஓர் அறை கட்டுகிறது என்று கேள்விப்பட்டு, வேலை நடக்கும்போது கூட இருந்து பார்க்க அனுமதி கேட்டேன். வீட்டுக்காரர் மருத்துவமனையில் தாதி. அவரும் விளையாடுகிறார், பள்ளியில் படிக்கும் மகளும் விளையாடுகிறாள். தாய் வலக்கைக்காரர், மகள் இடக்கைக்காரி. இந்த ஒரு விவரம் அறைக்கு வேண்டிய அளவையே மாற்றிவிட்டது.

ஒருவர் மட்டும் ஆடுவதென்றால் பந்து வைக்கும் இடத்தை ஒரு பக்கமாகத் தள்ளி, அவர் நிற்கும் பக்கத்தை அகலமாக விட்டுவிடலாம். இரண்டு கைக்காரர்களும் ஆடுவதென்றால் பந்து நட்டநடுவில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் மட்டை சுற்ற இடம் வேண்டும். அதற்கு 14 அடியாவது அகலம் தேவை. இந்த அறை சரியாக 14 அடிதான். பந்தை அளக்கும் கருவியைத் தரையில் வைத்தால் தாயும் மகளும் மாறி ஆடும் ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி மறுபக்கம் வைக்க வேண்டும். ஆகவே தலைக்கு மேலே பொருத்தும் கேமராக் கருவி என்று முடிவானது. அந்த வகைக் கருவிகள் சாதாரணமாக 9 முதல் 10 அடி உயரம் கேட்பவை. இங்கேதான் தச்சரின் வேலை தொடங்கியது.

வேலையின் பொறுப்பு பருத்தித்துறையைச் சேர்ந்த ஓர் அண்ணையிடம். தகப்பனும் தச்சர். கனடாவுக்கு வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு டிரைவால் (ஜிப்சம் பலகை) அடிக்கும் குழுவோடு சேர்ந்து, இன்று நிலவறை வேலை என்றால் பலர் முதலில் தேடும் ஆள். கோல்ஃப் விளையாடியதில்லை. ஆனால் இந்த விளையாட்டுக்கு என்ன இடம் வேண்டும் என்று விளையாடுகிறவர்களைவிட நுணுக்கமாக அவருக்குத் தெரியும்.

கொங்கிரீட் தரையிலிருந்து மேல்மாடியைத் தாங்கும் மரச்சட்டங்களின் அடிவரை 9 அடி 4 அங்குலம். கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். ஆனால் வெறும் கொங்கிரீட்டில் நின்று ஆட முடியாது. சட்டமும் ஒட்டுப்பலகையும் புல்விரிப்பும் சேர்ந்து 2½ அங்குலம் எடுத்துக்கொள்ளும். மேலே டிரைவால் அடித்தால் இன்னும் அரை அங்குலம் போகும். அறையின் குறுக்கே ஓடிய வெப்பக் காற்றுக் குழாயோ ஓர் அடிக்குமேல் கீழே தொங்கியது. ஒன்ராறியோவின் கட்டட விதிப்படி பழைய வீடுகளின் நிலவறையில் மனிதர் குடியிருக்க 1.95 மீட்டர் உயரம் போதும். இந்த விளையாட்டுக்குப் போதாது.

"தங்கச்சி, மிசினுக்குக் காசு கட்டிப்போட்டியளோ?" என்றுதான் அண்ணை முதலில் கேட்டார். இல்லை என்றார் வீட்டுக்காரர். "நல்லதாப் போச்சு. முதல்ல வந்து நில்லுங்கோ. வீசிப் பாப்பம்."

பிறகு அவர் செய்ததைப் பார்த்துத்தான் இவரை ஏன் எல்லாரும் தேடுகிறார்கள் என்று புரிந்தது. போடப்போகும் தரையின் அதே கனத்துக்குப் பலகைத் துண்டுகளை அடுக்கி, அதன்மேல் இருவரையும் ஏற்றி நிற்கவைத்தார். இருப்பதிலேயே நீளமான மட்டையான டிரைவரைக் கையில் கொடுத்து மிக மெதுவாகச் சுழற்றச் சொன்னார். கிட்டத்தட்ட 46 அங்குல நீளம் அது. ஏணியில் நின்ற உதவியாளர், மட்டையின் தலை எட்டிய மிக உயர்ந்த இடத்தை அளவுநாடாவால் பிடித்துச் சுவரில் பென்சிலால் குறித்தார். தாய்க்கு ஒரு கோடு, மகளுக்கு ஒரு கோடு. மகள் இன்னும் வளர்வாள் என்பதால் அவளுடைய கோட்டுக்கு மேலே நாலு விரற்கடை தள்ளி இன்னொன்று. இருப்பதிலேயே உயரமான கோட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு சாண் இருந்தது.

"உது காணும். ஆனா மட்டை தட்டுறதைவிடத் தட்டுமோ எண்ட பயந்தான் கூடாது தம்பி," என்றார் என்னிடம். "பயந்தால் ஆள் குனிஞ்சு வீசும். பேந்து வெளியில போயும் குனிஞ்சுதான் வீசும்." விளையாட்டுப் பயிற்சியாளர் சொல்ல வேண்டியதை ஒரு தச்சர் சொல்லிக் கேட்டேன்.

மேலே டிரைவால் வேண்டாம், சட்டங்களை அப்படியே திறந்துவிட்டுக் கறுப்பு அடித்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். கறுப்பு நிறம் புரொஜெக்டரின் ஒளியைத் திருப்பி அனுப்பாது. படம் தெளிவாக விழும். காற்றுக் குழாயை அந்த வேலை தெரிந்தவரை அழைத்துச் சுவரோரமாக மாற்றினார்கள். இவ்வளவுக்கும் பிறகு பந்து வைக்கும் இடத்திலிருந்து மேலே கிடைத்த உயரம் 9 அடி 1½ அங்குலம். கருவி கேட்டதைவிட ஒன்றரை அங்குலம் மட்டுமே கூட.

தரை வேலையில் அண்ணை எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரும்பு மட்டையால் அடிக்கும்போது அதன் தலை பந்தைத் தொட்டபின் தரையையும் தொடும். புல்தரை என்றால் மண் பெயர்ந்து வழிவிடும். கொங்கிரீட்டின் மேல் மெல்லிய விரிப்பு மட்டும் இருந்தால் அந்த அதிர்வு முழுக்கக் கைக்கே திரும்பும். முழங்கையின் உட்புறத் தசைநார் நொந்துபோய் வருகிறவர்களை வீட்டுக்காரர் தன் வேலையிடத்திலேயே பார்த்திருக்கிறார். ஆகவே பந்து வைக்கும் இடத்தில் மட்டும் பலகையை வெட்டி எடுத்து, அழுத்தினால் உள்வாங்கும் தடித்த விரிப்பைப் பதித்து, நிற்கும் தரையோடு ஒரே மட்டமாக்கினார்கள். கால் ஒரு மட்டத்திலும் பந்து ஒரு மட்டத்திலும் இருந்தால் வீச்சே பழுதாகிவிடும் என்பதால் அண்ணை இரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தார். ஒரு மூலையில் காகிதக் கனம் இறக்கம் தெரிந்தது. பலகையைக் கழற்றி மறுபடி போட்டார். யாரும் கேட்டுச் செய்யவில்லை.

திரை தைக்கப்பட்டது ஸ்காபரோவில், லொறிகளுக்குத் தார்ப்பாயும் கடைகளுக்கு வெயில்மறைப்பும் தைக்கும் ஒரு கூடத்தில். தைத்தவர் வன்னியிலிருந்து வந்த ஓர் அக்கா. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே சட்டைக் கழுத்துப்பட்டி தைத்த கைகள் இங்கே 12 அடி அகலப் பொலியெஸ்டர் துணியை மெசினுக்குள் தள்ளுகின்றன.

அந்தத் துணி ஒற்றைத் துணியல்ல. முன்னும் பின்னும் இறுக்கமான நெசவு, நடுவே பஞ்சுபோல் அமுங்கும் அடுக்கு. எதற்கு இவ்வளவு பாடு என்பது கணக்கைப் பார்த்தால் புரியும். கோல்ஃப் பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம், குறுக்களவு குறைந்தபட்சம் 42.67 மில்லிமீட்டர். டிரைவரால் நன்றாக அடிக்கும் ஒரு சாதாரண ஆட்டக்காரரின் பந்து நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் புறப்படும். அதாவது மணிக்கு 216 கிலோமீட்டர். பத்தடி தூரத்திலிருக்கும் திரையை அது இருபதில் ஒரு பங்கு நொடியில் அடைந்துவிடும். அந்தப் பந்தில் இருக்கும் ஆற்றல் 80 ஜூலுக்கு மேல். ஒரு கிலோ எடையுள்ள செங்கல் எட்டு மீட்டருக்கு மேலிருந்து விழுந்தால் தரையில் மோதும் அதே ஆற்றல். அதைத்தான் இந்தத் துணி ஒவ்வொரு அடிக்கும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"இறுக்கிக் கட்டினா பந்து வந்த வழியாலயே திரும்பி வரும்," என்றார் அக்கா, ஓரத்தை மடித்துக்கொண்டே. "தொளதொள எண்டு விட்டா படம் சுருங்கும். அதுக்காகத்தான் ஓரத்தை இரண்டு மடிப்பா அடிக்கிறது. ஐலெட் கழண்டா முழுத் துணியும் வீணாப் போயிடும்." அடிக்கு ஒன்றாகப் பித்தளை ஐலெட்டுகள், கயிறு கோக்கும் வளையங்கள். ஒவ்வொன்றையும் அடித்தபின் விரலை விட்டு முறுக்கிப் பார்த்தார். ஒன்று மெல்ல அசைந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக அடித்தார். அந்தக் கூடத்தில் கோல்ஃப் ஆடுகிற ஒருவரும் இல்லை. தான் தைத்த திரையில் படம் ஓடி அவர் பார்த்ததும் இல்லை. கைப்பேசியில் இருந்த ஒரு வீடியோவைக் காட்டினேன். பறக்கும் பந்தை அவர் கவனிக்கவில்லை. பந்து பட்டதும் துணி எவ்வளவு உள்ளே போகிறது என்பதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்.

திரையைக் கட்டும் சட்டகம் இரும்புக் குழாய். ஐலெட்டுக்கும் குழாய்க்கும் நடுவே இழுபடும் ரப்பர் கயிறு. பந்து பட்டால் கயிறு நீண்டு திரை பின்னால் போகும், பிறகு மெல்லத் திரும்பும். பின்னால் போக இடம் வேண்டுமே, அதற்காகச் சுவரிலிருந்து 14 அங்குலம் முன்னால் தள்ளிக் கட்டினார்கள். குழாய் முழுவதற்கும் நுரை உறை. அதில் அண்ணை ஓர் அங்குலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. வேறொரு வீட்டில் யாரோ திரையைச் சுவரோடு ஒட்டி ஆணி அடித்திருந்ததாகவும், முதல் நாளே பந்து திரும்பி வந்து நெற்றியில் பட்டதாகவும், அதைத் திருத்தத் தன்னைக் கூப்பிட்டதாகவும் சொன்னார். "நெற்றியோட போச்சு. கண் எண்டால்?" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

மின்வேலைக்கு வந்தவர் கயானாவைச் சேர்ந்தவர். ஒன்ராறியோவில் வீட்டு மின்வேலையைக் கூலிக்குச் செய்பவர் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். வேலையை மின் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அறிவிக்க வேண்டும். கணினிக்கும் புரொஜெக்டருக்கும் தனி இணைப்பு இழுத்தார். திரைக்கும் ஆடுபவருக்கும் நடுவே, ஆடுபவரின் நிழல் படத்தில் விழாதபடி புரொஜெக்டரை மேலே பொருத்தினார். படத்தின் அகலத்தில் பாதித் தூரமே போதும் என்ற வகைப் புரொஜெக்டர் அது. 12 அடிப் படத்துக்கு 6 அடி. விளக்குகளை ஆடுபவருக்குப் பின்னால் தள்ளி வைத்தார், வெளிச்சம் திரையில் விழுந்து படத்தை வெளுக்கவிடாமல்.

கடைசியாகக் கருவி வந்தது. பந்து புறப்பட்ட முதல் சில அடிகளிலேயே வேகம், கோணம், திசை, சுழற்சி எல்லாவற்றையும் கேமராக்கள் படித்துவிடும். மிச்ச 200 மீட்டரையும் கணினி கணக்குப் போடும். சுழற்சிதான் இதில் உயிர். எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் 1890களிலேயே, பின்னோக்கிய சுழற்சிதான் கோல்ஃப் பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது என்று காட்டினார். பந்தில் ஒரு நாடாவைக் கட்டி, களிமண்ணில் போய்ப் பதியும்படி அடிக்கவைத்து, நாடா எத்தனை முறுக்கு முறுகியிருக்கிறது என்று எண்ணினார். அவருடைய மகன் ஃபிரெடி 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர். பந்தைச் சில அடி தூரத்திலேயே நிறுத்தி, அது எங்கே போயிருக்கும் என்று கணக்கிடுவது அன்றே தொடங்கிவிட்டது. டெய்ட்டின் களிமண் இருந்த இடத்தில் இன்று அக்காவின் துணி.

பரீட்சைக்கு அண்ணை ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் கையால் பந்தை எறிந்தார். பிறகு வீட்டுக்காரர் குட்டை மட்டையால் மெல்ல அடித்தார், பிறகு நடுத்தர இரும்பு மட்டை, கடைசியில் டிரைவர். ஒவ்வொரு அடிக்கும் அண்ணையின் பார்வை திரையின் பின்பக்கம். துணி சுவரைத் தொடுகிறதா, பந்து எவ்வளவு தூரம் திரும்பி உருள்கிறது என்று பார்த்து இரண்டு கயிறுகளைச் சற்றுத் தளர்த்தினார். டிரைவரால் அடித்த பந்து திரையின் காலடியில் விழுந்து ஓரிரு அடி உருண்டு நின்றது. மகள் மறுபக்கம் போய் இடக்கையால் அடித்தாள். அதுவும் அப்படியே நின்றது. திரையில் அவளுடைய பந்து வலப்பக்க மணல்குழியில் இறங்கியது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போகும்போது அண்ணை இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். பந்தில் பேனாவால் கோடு போடக்கூடாது, மை துணியில் ஒட்டிவிடும். மாதம் ஒருமுறை கயிறுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இற்றது தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பந்தை அளக்கும் கருவி 600 அமெரிக்க டொலர் அளவிலும் கிடைக்கிறது, 20,000 டொலரைத் தாண்டியும் இருக்கிறது. வாங்குகிறவர்கள் மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து, கையிருப்பின் பெரும்பகுதியை அதில் போட்டுவிட்டு, மிச்சத்தில் தரையையும் திரையையும் முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். கூலியில்தான் பேரம் பேசுகிறார்கள். இது தலைகீழான கணக்கு என்று எனக்குப் படுகிறது. கருவி தவறாக அளந்தால் ஓர் எண் பிழையாகும். தரை தவறினால் முழங்கை போகும், திரை தவறினால் கண் போகும்.

உங்கள் வீட்டில் இப்படி ஓர் அறை கட்டும் எண்ணம் இருந்தால், கருவிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நல்ல தச்சரை அழைத்து, மட்டையைக் கையில் வைத்து வீசிக் காட்டுங்கள். தரை போடுகிறவருக்கும் திரை தைக்கிறவருக்கும் கொடுக்க வேண்டிய கூலியைக் கணக்கின் முதல் வரியில் எழுதுங்கள். கருவியின் விலையை அதற்குக் கீழே எழுதலாம்.