பழைய எண்

சேர்வராயன் மலையில் கோடை இடிக்குக் கருவிகள் கருகுவது புதிதன்று. சென்ற வாரம் ஏற்காட்டிலுள்ள எங்கள் சிற்றலுவலகத்தின் ரவுட்டர் அவ்வாறு போயிற்று. புதியதை மாட்டினோம். மற்றக் கணினிகள் கணக்குக் கணினியைப் பெயரால் கண்டுகொண்டன. எழுத்தராயிருக்கும் தம்பியின் கணினி மட்டும் காணவில்லை. மறுநாள் சம்பளம், பட்டியலோ அச்சாகவில்லை. "நீ எதையோ மாற்றிவிட்டாய்" என்று எல்லார் முன்பாகவும் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

கணினிகள் எண்களால்தான் ஒன்றையொன்று அடையும். பெயரை எண்ணாக்கித் தருவது டி.என்.எஸ். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் அதை வகுக்குமுன், பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு எங்கும் பகிரப்பட்டன. அதன் எச்சமாகிய "ஹோஸ்ட்ஸ்" கோப்பு இன்றும் நம் கணினிகளில் உண்டு. அதில் ஒரு பெயர் இருந்தால், கணினி வேறெவரையும் கேளாது அதையே நம்பிவிடும்.

எண்ணைக் கொடுத்துப் பிங் செய்தேன், பதில் வந்தது. பெயரைக் கொடுத்தேன், பழைய எண்ணைத் தேடிப்போய் வெறுமையாய்த் திரும்பிற்று. என்.எஸ்.லுக்அப் அக்கோப்பைப் பாராமல் நேரே ரவுட்டரைக் கேட்பதாகையால், சரியான எண்ணைச் சொல்லிற்று. அப்பொழுதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கோப்பைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. பக்கத்தில் என் முதலெழுத்துகள். மூன்று ஆண்டுகளுக்குமுன், வேலை சீக்கிரம் முடியட்டுமென்று நானே எழுதியது.

வரியை அழித்தேன், பட்டியல் அச்சாயிற்று. தம்பி தேநீர் வாங்கப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை வாசலில், மூடுபனியில் நின்றிருந்தேன்.