வாங்கும் படி, கொடுக்கும் படி

அந்தக் காலத்து வணிகர் சிலரிடம் இரண்டு படிகள் இருந்தன என்பார்கள். வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று. இவ்வாறு அளப்போரைக் கண்டித்துத் திருமறையில் ஓர் அத்தியாயமே உண்டு. அந்த நீதி தானியத்திற்கு மட்டுந்தானா? பேச்சுரிமையை அளக்கும்போதும் நம் சமூகத்தின் கையில் இரண்டு படிகள் இருக்கின்றனவோ என்ற ஐயம் என்னை உறுத்துகிறது.

எங்கள் ராசிங்காபுரம் மலையடிவாரத்து ஊர். இந்தப் பக்கத்துத் தொழிலாளர் விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களில் உழைத்து, பொழுது சாயத் திரும்புவர். மலைக்கு மேலே ஒரு மொழி, கீழே ஒரு மொழி, பிழைப்போ ஒன்று. முல்லைப் பெரியாறு பிணக்கு முற்றியிருந்த 2011 நவம்பரில், அணை உடைவதைக் காட்டும் ‘டேம் 999’ திரைப்படத்தைத் தமிழக அரசு தடை செய்தது. எங்கள் பக்கத்தில் அப்படத்தைப் பார்த்தவர் எவரையும் நான் கண்டதில்லை; அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவரையும் கண்டதில்லை. படம் வரவில்லை, பகை வந்தது. அடுத்த மாதமே எல்லையின் இருபுறமும் தாக்குதல்கள் நடந்தன. தோட்டத் தொழிலாளர் பலர் அஞ்சி மலையிறங்கினர். தடை யாரைக் காத்தது?

2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தை முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. மாவட்ட ஆட்சியர்களின் உத்தரவால் அது தமிழகத்தில் நிறுத்தப்பட்டது. சில மாற்றங்களுக்கு உடன்பாடு ஏற்பட்ட பின்னரே பிப்ரவரி 7ஆம் நாள் வெளியாயிற்று. அந்த மனவேதனை பொய்யன்று. தாடியும் தொழுகையும் திரையில் தோன்றினால் அடுத்து வெடிகுண்டுதான் என்று பார்வையாளர் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடி அலையும் முஸ்லிம் குடும்பமே அதற்கு விலை கொடுக்கிறது. இதை உரக்கச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ‘நாங்கள் சொல்கிறோம்’ என்பது வேறு; ‘உன்னைச் சொல்லவிடோம்’ என்பது வேறு.

ஈராண்டு கழித்து, 2015 ஜனவரியில், ‘மாதொருபாகன்’ நாவலுக்காகச் சாதி, மத அமைப்புகள் பெருமாள்முருகனை நெருக்கின. தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தபோது நம்மில் பலர் அவர் பக்கம் நின்றனர். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நாவலைக் காத்தபோது மகிழ்ந்தனர். நன்று. ஆனால் தக்கலைக் கவிஞர் எச்.ஜி.ரசூல் 2007இல் ஓர் இதழில் எழுதிய கட்டுரைக்காக ஊர் ஜமாஅத்தால் விலக்கப்பட்டாரே, அவருக்காக எழுந்த குரல்கள் எத்தனை? அவர் எழுதியது பிழையென்றே கொள்வோம். பிழைக்கு மறுப்புக் கட்டுரை போதாதா? ஒருவரின் நன்மை தீமைகளிலிருந்து உறவையும் ஊரையும் பிரித்துவிடுவது எவ்வகை மறுப்பு?

அடையாளத்தின் பெயரால் எழும் தடை வெளியாரை நோக்கித் தொடங்குகிறது. நம் வீட்டுப் பிள்ளையின் வாயில் வந்து முடிகிறது. 

‘கொல்’, ‘கொளுத்து’ என்று தூண்டும் பேச்சு கருத்தன்று, குற்றம். அதற்குச் சட்டம் இருக்கிறது. மற்றவற்றிற்கு வழி என்ன? இட ஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில், 1989இல் உச்சநீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. ஆர்ப்பாட்டமும் வன்முறையும் நிகழும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது; அதைக் காப்பதே அரசின் கடமை என்றது. அந்தப் படத்தின் கருத்தை ஏற்காதவருக்கும் அத்தீர்ப்பு அரணாகும்.

பெரும்பான்மையோரைவிடச் சிறுபான்மையினராகிய நமக்கே ஒற்றைப் படி மிகவும் தேவை. யார் மனம் புண்பட்டது என்பதைக் கூட்டத்தின் அளவு தீர்மானிக்கத் தொடங்கினால், முதலில் அடங்க வேண்டியது நம் குரலாகத்தான் இருக்கும்.