டைட்டர் சொல்லாத பாதி

கொரோனா என்ற பெயரை உலகம் 2020இல் தெரிந்துகொண்டது. நாமக்கல் மாவட்டத்துக் கோழிப்பண்ணைகள் அந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்றோடு அதற்குப் பல காலம் முன்பிருந்தே மல்லுக்கட்டி வருகின்றன. பண்ணைக்காரர்கள் ஐ.பி. என்று சுருக்கிச் சொல்லும் இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ்தான் அது. 1931இல் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில், குஞ்சுகளிடம் முதன்முதலில் கண்டு எழுதினார்கள். மனிதருக்குத் தொற்றாது. கோழிக்கு மூச்சுக்குழாயில் தொடங்கி, சிறுநீரகம், முட்டைக்குழாய் வரை போகும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் இது தாக்கிய பெட்டைக்குஞ்சுக்கு முட்டைக்குழாய் கெட்டுப்போகலாம். வளர்ந்த பின் கொண்டை சிவந்து, தீவனம் தின்று, ஒரு முட்டைகூட வைக்காமல் கூண்டில் நிற்கும்.

சேந்தமங்கலம் சுற்றுவட்டாரப் பண்ணைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவன் நான். முட்டை இறங்கி, ஓடு சுருங்கி, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும்போது பண்ணைக்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஏனுங்க டாக்டர், டைட்டரெல்லாம் நல்லாத்தானுங்களே வந்துச்சு?"

நல்ல கேள்வி. டைட்டர் என்பது ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடியின் அளவு. எதிர்ப்புச் சக்தியில் அது பாதிதான். செல்லுக்கு வெளியே திரியும் வைரஸை ஆன்டிபாடி பிடிக்கும். உள்ளே புகுந்து பெருகத் தொடங்கிய வைரஸை அதனால் எட்ட முடியாது. அங்கே டி செல்தான் வர வேண்டும். வைரஸ் புகுந்த செல், அதன் புரதத் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் காட்டும். சிடி8 வகை டி செல் அதைக் கண்டு, அந்தச் செல்லையே கொன்றுவிடும். வைரஸுக்குப் பெருக இடமில்லாமல் போகும்.

இதைக் கோழியிலேயே காட்டியது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் எல்லன் காலிசன் குழு. ஐ.பி. வந்து தேறிய கோழிகளின் நினைவு டி செல்களை எடுத்து, மரபு பொருந்திய குஞ்சுகளுக்குச் செலுத்தி, பிறகு வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிடி8 செல்களைப் பெற்ற குஞ்சுகள் தாக்குப்பிடித்தன. முடிவு 2003இல் வெளிவந்தது. அதே குழு 1997இலேயே இன்னொன்றையும் சொல்லியிருந்தது: இந்த டி செல்கள் குறிவைப்பவற்றில் வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதமும் உண்டு. எனக்கு இதுதான் பெரிய செய்தி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தை ஐ.பி. வைரஸ் அடிக்கடி மாற்றிக்கொள்ளும். மாசச்சூசெட்ஸ் ரகத்துக்குப் போட்ட தடுப்பு மருந்து 793பி ரகத்திடம் திணறுவது அதனால்தான். உள்புரதம் அவ்வளவு மாறுவதில்லை. மனிதரிலும் இப்படித்தான். 2003இல் சார்ஸ் வந்து தேறியவர்களிடம், 17 ஆண்டு கழித்தும் அதே உள்புரதத்தை அடையாளம் காணும் டி செல்கள் இருப்பதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள்.

பண்ணையில் டி செல்லை எண்ணிப் பார்க்க வசதியில்லை. ஆனால் அது பயிலும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். இறந்த வளர்பருவக் கோழியின் கழுத்துத் தோலைத் தாடையிலிருந்து நெஞ்சு வரை கிழித்து விலக்கினால், கழுத்து நரம்பையொட்டி இரு பக்கமும் வரிசையாகத் தைமஸ் கதுப்புகள் தெரியும், பக்கத்துக்கு ஏறக்குறைய ஏழு. நல்ல கோழியில் வெளிர் இளஞ்சிவப்பாகக் கொழுகொழுவென்று இருக்கும். கெட்டுப்போனதில் அரிசி அளவுக்குச் சுருங்கி, சில கதுப்புகளைத் தேடத்தான் வேண்டும். முட்டையிடும் வயது வந்தால் தைமஸ் இயல்பாகவே சுருங்கும். ஆகவே இந்தச் சோதனை இளங்கோழிக்குத்தான்.

சுருக்குவது எது? சிக்கன் அனீமியா வைரஸ் ஒன்று. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் அஃப்ளாடாக்சின் இன்னொன்று. சித்திரை, வைகாசி வெயிலும் சேரும். வெப்பத்தில் தவிக்கும் கோழியின் உடலில் சுரக்கும் கார்ட்டிகோஸ்டீரோன் தைமஸைக் கரைக்கும். இப்படிப்பட்ட மந்தைக்கு மேலும் ஒரு டோஸ் தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. சோளத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவதும், கொட்டகைக் கூரைமேல் தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளிப்பதும் அதைவிடப் பலன் தரும்.

பண்ணைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். செத்த கோழியைச் சோதனைக்குக் கொண்டுவரும்போது கழுத்தை அறுக்காமல் முழுசாகக் கொண்டுவாருங்கள். டைட்டர் எவ்வளவு என்று கேட்கும்போதே, தைமஸ் எப்படி இருந்தது என்றும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.