அலுவல் இல்லாத கொழும்பு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கொழும்புக்குப் போகிறார் என்றால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "என்ன அலுவல்?" பாஸ்போட், விசா, ஆஸ்பத்திரி, நேர்முகப் பரீட்சை, வெளிநாட்டிலிருந்து வருபவரை எயார்போட்டில் கூட்டிவருவது. எங்கள் வீடுகளில் கொழும்பு என்றால் ஒரு நீண்ட கியூ. அது முடிந்த கையோடு இரவு பஸ்ஸில் ஏறி விடியத் திரும்பிவிடுவோம். சின்னனிலிருந்து எத்தனையோ தரம் போயிருக்கிறோம். ஆனால் காலிமுகத்திடலில் பத்து நிமிசத்துக்கு மேல் இருந்ததாக எங்கள் இருவருக்குமே ஞாபகமில்லை.

கலியாணம் முடித்தபின் ஒன்றாகக் கிடைத்த முதல் லீவில் பயணம் வெளிக்கிட்டோம். திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், அங்கிருந்து மலையேறிப் பதுளை. திட்டத்தில் கொழும்பு இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு இரவு மெயில் ஏறும் இடம், அவ்வளவுதான். பதுளையிலிருந்து கோச்சியில் வரும்போது காசை எண்ணிப் பார்த்தோம். திரும்பிப்போகும் டிக்கெட்டுக்கு ஒதுக்கியது போக 18,000 ரூபாய். அன்று வெள்ளிக்கிழமை, லீவு ஞாயிறு வரை இருந்தது. இரண்டு நாள் நிற்பதென்று ஹற்றன் தாண்டும்போது முடிவெடுத்தோம்.

வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இருக்கினம். அங்கே தங்கினால் காசு மிச்சம். ஆனால் இரண்டு நாளும் செற்றியில் இருந்து ஊர்ப்புதினம் சொல்லத்தான் நேரம் சரியாக இருக்கும். அதனால் காலி வீதிக்குப் பின்னால் ஒரு லொட்ஜ் எடுத்தோம். ஃபான் மட்டும் உள்ள அறை, இரவுக்கு 5,000. முன்மேசையில் இருந்த ஐயா அடையாள அட்டைகளைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டே கேட்டார்: "என்ன அலுவலா வந்தனீங்கள்? பாஸ்போட்டோ?"

"இல்லை ஐயா, சும்மா. சுத்திப் பாக்க."

"சும்மாவோ?" என்றார். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டுத் திறப்பைத் தந்தார்.

அந்தக் கட்டம் எங்களுக்குப் புதிதில்லை. யுத்த காலத்தில் கொழும்பில் தங்கிய தமிழர் பொலிசில் பதியவேண்டி இருந்தது. ஏன் வந்தீர்கள், எத்தனை நாள், எப்போது போவீர்கள். 2007 ஜூன் 7 அதிகாலை லொட்ஜுகளில் படுத்திருந்தவர்களை எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். 370-க்கும் மேற்பட்டவர்கள். தகுந்த காரணம் இல்லாமல் கொழும்பில் தங்கியிருந்தார்கள் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எங்களுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. இன்றைக்கும் எங்கள் அம்மாமார் நாங்கள் கொழும்பில் நிற்கிறோம் என்றால் "அலுவல் முடிஞ்சா உடன வாங்கோ" என்றுதான் சொல்லுவினம். பயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

சனிக்கிழமை காலை வெள்ளவத்தை ஸ்டேசனில் ஏறினோம். கொழும்பில் காசில்லாதவர்களுக்குக் கிடைக்கும் மிகச்சிறந்த விருந்து இந்தக் கரையோரக் கோச்சிதான். ஒரு பாற்தேத்தண்ணிக் காசுகூட வராது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று போகும்வழி நெடுக, கடல் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வரும். வாசலில் நின்றால் முகத்தில் உப்புத் தூவானம் அடிக்கும்.

கோட்டையில் இறங்கிப் புறக்கோட்டைக்குள் நடந்தோம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு வியாபாரம்: துணிக்கு ஒன்று, மின்சாரச் சாமானுக்கு ஒன்று, மருந்துச் சரக்குக்கு ஒரு ஒழுங்கை. 1909இல் கட்டி முடித்த சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், சிவப்பும் வெள்ளையுமாக, நெரிசலுக்கு நடுவில் இனிப்புப் பண்டம் மாதிரி நிற்கிறது. ஒரு கடையில் எங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் குடை விலை கேட்டோம். பதில் தமிழில் வந்தது. அடுத்த கடையில் தமிழில் கேட்டோம், சிங்களத்தில் வந்தது. விலை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று. வாங்கிய அந்தக் குடைக்குப் பிறகு வேலை வந்தது.

செட்டியார் தெருவில் நகைக்கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம், பார்ப்பதற்குக் காசில்லை. அங்கிருந்து மேட்டில் ஏறினால் ஒல்லாந்தர் 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம். தரையில் பதித்த கல்லறைக் கற்கள், தடித்த சுவர்கள், உள்ளே நல்ல குளிர்மை. பிறகு கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். தகப்பன் கட்டிய கோயிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். நல்ல வெயில் நேரம். மண்டபத்துக் கல்லில் கால் நீட்டி அரை மணித்தியாலம் இருந்தோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பயணம் தொடங்கிய பிறகு ஒரு சாமானும் வாங்காமல் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல்தரம்.

ஞாயிறு காலை லொட்ஜைக் காலி செய்து, தோளில் பையோடு தேசிய நூதனசாலைக்குப் போனோம். 1877இல் திறந்தது, உள்நாட்டவருக்குச் சின்னக் கட்டணம். அரசரின் சிம்மாசனத்துக்கு முன்னால் கூட்டம். நாங்கள் தேடிப்போனது ஒரு கல்லை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீன எழுத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. தூரதேசத்திலிருந்து அலுவலாக வந்த ஒருவர், இந்தத் தீவில் யார் யாருக்கு என்ன மொழியில் பேசவேண்டும் என்று அறிந்து வந்திருக்கிறார். அந்தக் கல் 1911இல் காலியில் ஒரு மதகை மூடும் கல்லாகக் குப்புறக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. எழுத்து தேய்ந்துதான் போயிருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு தமிழ் எழுத்தையாவது பிடிக்கலாமா என்று இருவரும் கனநேரம் மல்லுக்கட்டினோம்.

பின்னேரம் காலிமுகத்திடல். இதை 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் உலாவும் இடமாக ஆக்கினார், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று கல்லில் எழுதிவைத்தார். இன்றைக்கு அது குடைகளின் இடம். கடலைப் பார்த்த வரிசையில் குடைக்கு ஒரு சோடி. எங்கள் ஊரில் பண்ணைக் கடற்கரையில் கலியாணம் முடித்த சோடி இருந்தாலே, இருட்ட முன் வீட்டுக்குச் செய்தி போய்விடும். இங்கே எங்களைத் திரும்பிப் பார்த்தது இறால் வடைக்காரர் மட்டும். புறக்கோட்டைக் குடையை விரித்து நாங்களும் அந்த வரிசையில் இருந்தோம்.

அந்தப் புல்லில் இருக்கும்போது வேறு சிலதும் ஞாபகம் வந்தது. 1956 ஜூன் 5, சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகச் செல்வநாயகமும் மற்றவர்களும் இதே திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் வந்து அடித்தது. 2022 ஏப்ரலில் தொடங்கிய போராட்டக் கூடாரங்களும் இங்கேதான் நின்றன. அந்த மே 18 அன்று இங்கே முள்ளிவாய்க்காலை நினைத்துக் கஞ்சி பகிர்ந்தார்கள். இவ்வளவும் நடந்த இடத்தில் இருவர் குடைக்குள் இருந்து வடை தின்பது சின்ன விசயம்தான். ஆனால் சத்தியாக்கிரகம் இருந்தவர்களுக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது, அடித்தவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணமே இல்லாமல் இங்கே இருக்கக் கிடைத்த அந்த இரண்டு மணித்தியாலத்தை நாங்கள் சின்னதாக நினைக்கவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். லொட்ஜ் 10,000. சாப்பாடு, வெள்ளவத்தைச் சைவக்கடைத் தோசையிலிருந்து இறால் வடை வரை, ஐயாயிரத்துச் சொச்சம். கோச்சி, பஸ், நூதனசாலை, குடை எல்லாம் சேர்த்து 2,000. கோட்டை ஸ்டேசனில் இரவு மெயிலுக்கு நிற்கும்போது கையில் 700 ரூபாய் இருந்தது. மாலு பணிசும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கினோம்.

உங்களுக்கும் எப்படியும் ஒரு பாஸ்போட் அலுவல் வரும், ஒரு கிளினிக் வரும். முடிந்த அன்றே ஓடிவராமல் ஒரு நாள் கூட நின்று பாருங்கோ. வீட்டில் கேட்டால் "சும்மா" என்று சொல்லுங்கோ.