நெல், அரிசி, சோறு

மேல்நிலை வகுப்பில் சேர்ந்தபோது எங்களுள் பன்னிருவர் பிரெஞ்சு மொழியைத் தேர்ந்தெடுத்தோம். "மதிப்பெண்ணுக்காகத் தமிழை விடுகிறீர்களா?" என்று வீட்டுப் பெரியவர்கள் வருந்தினார்கள். அக்கேள்வி எங்கள் மனத்திலும் உறுத்திக்கொண்டேயிருந்தது.

தஞ்சைத் தரணிக்குப் பிரெஞ்சு முற்றிலும் அந்நியமன்று. அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954-இல் இந்தியாவுடன் இணைந்தது. அவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்றும் பிரான்சில் வாழ்கிறார்கள்.

எழுத்தின் தலைமேல் கோடு இப்படிச் சாய்ந்தால் ஓர் ஒலி, அப்படிச் சாய்ந்தால் வேறோர் ஒலி! நாங்கள் திகைத்தபோது அருட்சகோதரி வீரமாமுனிவரை நினைவூட்டினார். இத்தாலியில் பிறந்து, கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் தொண்டாற்றிய அவர், எகர ஏகாரக் குழப்பம் தீர நம் எழுத்தையே திருத்தினார். 1732-இல் சதுரகராதியும் தந்தார். அவர் அவ்வளவு உழைத்திருக்க, நாங்கள் இரண்டு கோடுகளுக்கு அஞ்சலாமா?

"எங்கள் ஊர்" பற்றி எழுதத் தொடங்கியதும் அடுத்த வியப்பு. வயலில் விளைவதும், உலையில் இடுவதும், இலையில் பரிமாறுவதும் அவர்கள் பேச்சில் 'ரி' என்ற ஒரே சொல்தான்! குறுவை, தாளடியைத் தமிழிலேயே எழுதி விளக்கம் சேர்த்தோம். ஆனால் நாம் ரொட்டி என்று முடித்துவிடுவதில் நீண்டது 'பகெத்', மேலோடு 'க்ரூத்', உள்ளிருக்கும் மென்பகுதி 'மீ'. எந்த மண்ணில் எது உணவோ, அங்கே அதற்குச் சொற்களும் செழிக்கின்றன.

பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளில், பிரெஞ்சுக்காரர் கோதுமை மாவு, முட்டை, பால் கலந்து 'கிரேப்' சுடுவது வழக்கம். எங்கள் விடுதித் தோசைக்கல்லில் அது அழகாகவே வந்தது!

எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி காரைக்காலில் இருக்கிறார். பிரான்சில் பிறந்த பேரனுக்குத் தமிழ் தெரியாது. தொலைபேசியில் பாட்டி, "சோறு சாப்பிட்டியாடா கண்ணு?" என்பார், மறுமுனையில் மௌனம். இப்பொங்கலன்று தோழி இருவருக்கும் நடுவே அமர்ந்தாள். சொல்லை மட்டும் பெயர்த்தால் போதாது என்று உணர்ந்து, "நீ நலமா, பசியாறினாயா என்று பாட்டி அன்போடு கேட்கிறார்" என விளக்கினாள். சிறுவன் சற்று யோசித்து, "சோறு" என்று திருப்பிச் சொன்னான். பாட்டி அழுதேவிட்டாராம்.

தமிழும் தெரிந்ததால்தானே அவளால் அது முடிந்தது? அன்புப் பெற்றோரே, நாங்கள் தமிழை விடவில்லை. பாலத்துக்கு இரு கரைகளும் வேண்டும் அல்லவா?