மறதி கொள்ளும் கணினி

கணினி எதையும் மறக்காது என்றொரு நம்பிக்கை நம்மவரிடையே உண்டு. ஆனால், அதற்கும் மறதி வருவதுண்டு. நேற்றுத் திரையில் அமைத்துவைத்த படத்தை இன்று காணவில்லை. பெரிதாக்கி வைத்த எழுத்து மீண்டும் எறும்பளவாகிவிட்டது. தமிழ் விசைப்பலகை மறைந்துவிட்டது. முன்னர் தானாகவே திறந்த மின்னஞ்சல் மறுபடியும் கடவுச்சொல்லைக் கேட்கிறது. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு உறங்கப் போனால், மறுநாட் காலையில் பழைய குருடி கதவைத் திறடி என்ற நிலைதான்.

இது இளைஞருக்குச் சிறு தொல்லையாக இருக்கலாம். கணினியை வயது போன பின்னர் கற்றுக்கொண்டவர்களுக்கு அப்படியல்ல. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் பத்திரிகை அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நல்ல அச்சுக்கோப்பாளர் எழுத்துப் பெட்டியைப் பார்க்கவே மாட்டார். கண் பிரதியில் இருக்கும். கை தானாகவே உரிய அறைக்குச் சென்று எழுத்தை எடுக்கும். அறைகளை யாராவது மாற்றி வைத்துவிட்டால், முப்பது வருட அனுபவமும் அன்று கைகொடுக்காது. கணினியில் நாம் செய்துவைக்கும் அமைப்புகளும் அத்தகையவையே. அவை கையின் பழக்கங்கள்.

இந்தப் பழக்கங்களைக் கணினி எங்கே நினைவில் வைக்கிறது என்று அறிந்துகொண்டால் பாதிப் பயம் தெளிந்துவிடும். விண்டோஸ் இயங்குதளத்தில் 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் பெரும் பதிவேடு ஒன்று உண்டு. அதில் கணினி முழுவதற்கும் பொதுவான பகுதிகள் வேறு. ஒவ்வொரு பயனருக்கும் உரிய பகுதி வேறு. பயனருக்குரிய பகுதி பெரும்பாலும் 'என்டியூசர்.டாட்' என்ற கோப்பில் அடங்கியிருக்கிறது. சி வட்டில் 'யூசர்ஸ்' என்ற கோப்புறையினுள், நமது பெயரைக் கொண்ட கோப்புறையில், கண்ணுக்குத் தெரியாதபடி அது மறைத்து வைக்கப்பட்டிருக்கும். நாம் உள்நுழையும்போது விண்டோஸ் அதனைத் திறக்கிறது. வெளியேறும்போது மாற்றங்களை எழுதி முடித்து மூடுகிறது.

எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றுவிட்டால் அந்தக் கோப்புச் சிதைந்துபோகக்கூடும். சிதைவைச் சரிசெய்வதற்கென விண்டோஸ் துணைக் குறிப்புக் கோப்புகளை வைத்திருந்தாலும், எல்லா வேளைகளிலும் அவை காப்பாற்றுவதில்லை. அடுத்த முறை உள்நுழையும்போது கோப்பைத் திறக்க முடியாமற் போனால், விண்டோஸ் நம்மை வாசலில் நிறுத்திவைப்பதில்லை. தற்காலிகக் கணக்கொன்றை உருவாக்கி உள்ளே விடுகிறது. அங்கே எல்லாம் புதிதாக இருக்கும். நாம் செய்யும் மாற்றங்களும் எழுதும் கோப்புகளும் வெளியேறியதும் அழிந்துவிடும். இதனை எச்சரிக்கும் செய்தியொன்று திரையின் மூலையில் தோன்றி மறையும். ஆங்கிலத்தில் தோன்றும் அச்செய்தியை நம்மில் எத்தனை பேர் நின்று வாசிக்கிறோம்?

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தது. அந்த நாள்களில் யாழ்ப்பாணத்திலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவரும் என்னைப் போலப் பத்திரிகையில் உழைத்து ஓய்வு பெற்றவர். பல்லாண்டுக் காலக் கட்டுரைகளைத் தாமே மீண்டும் தட்டச்சுச் செய்து கணினியில் சேர்த்து வைத்திருந்தார். முதல்நாள் மின்வெட்டின்போது கணினி நின்றுபோனது. காலையில் திறந்தபோது திரை வெறுமையாக இருந்தது.

"எல்லாம் போய்விட்டது. கடைத் தம்பியிடம் கேட்டேன். வட்டை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்" என்றார். குரல் தளர்ந்திருந்தது.

"பாமினி எழுத்துரு இருக்கிறதா என்று பாருங்கள்" என்றேன்.

இருந்தது. ஆனால், தமிழ் விசைப்பலகை இல்லை என்றார். எனக்கு அந்த ஒரு விடை போதுமானதாக இருந்தது. அந்த எழுத்துருவை அவர் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக நிறுவியிருந்தார். அது கணினியின் சொத்து. எந்த விசைப்பலகை வேண்டும் என்ற தெரிவோ பயனரின் சொத்து. கணினியின் நினைவு நன்றாகவே இருந்தது. அவரைப் பற்றிய நினைவு மட்டுமே தவறியிருந்தது.

சி வட்டில் 'யூசர்ஸ்' கோப்புறையைத் திறக்கச் சொன்னேன். அங்கே 'டெம்ப்' என்ற பெயரில் ஒரு கோப்புறையும், அதனருகே அவருடைய பெயரில் இன்னொன்றும் இருந்தன. அவருடைய கோப்புறையைத் திறந்தார். சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், "எல்லாம் இருக்கிறது" என்றார்.

ஆனால், ஓர் இடர் எஞ்சியிருந்தது. அன்று காலை அந்த வெறும் திரையிலேயே, மறைந்த தோழர் ஒருவருக்கான அஞ்சலிக் கட்டுரையை எழுதிச் சேமித்திருந்தார். அது தற்காலிகக் கணக்கில் இருந்தது. அட்டவணைப்படி அடுத்த மின்வெட்டுக்கு ஒரு மணித்தியாலம்கூட இருக்கவில்லை. கணினியை நிறுத்த வேண்டாம், வெளியேறவும் வேண்டாம் என்று சொல்லி, முதலில் அஞ்சலிக் கட்டுரையையும் பின்னர் பழைய கட்டுரைகளையும் பென்டிரைவில் பிரதி செய்வித்தேன். கடைசிக் கோப்புறை ஏறி முடிந்து சில நிமிடங்களில் மின்சாரம் நின்றது.

கணக்கைச் சீர்செய்யும் வேலை மறுநாள் அயல்வீட்டு உயர்தர வகுப்பு மாணவரின் உதவியோடு முடிந்தது. ரெஜிஸ்ட்ரியில் 'புரொஃபைல்லிஸ்ட்' என்றொரு பகுதி உண்டு. தற்காலிகக் கணக்கு உருவாகும்போது பெரும்பாலும், பழைய கணக்கின் நீண்ட இலக்கத்தின் முடிவில் '.பேக்' என்ற சொல் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டில்லாமல் அதே இலக்கம் இன்னொன்றும் தோன்றும். ஒட்டில்லாததை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, பழையதிலிருந்து ஒட்டை நீக்கிவிட்டால், விண்டோஸ் பழைய கணக்கைத் தேடிச் செல்லும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்குமுன் அதனைப் பிரதி எடுத்துவைப்பது கட்டாயம்.

எல்லா மறதியும் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. எதை மறந்தது, எதை மறக்கவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். திகதியும் நேரமும் பல வருடங்கள் பின்னோக்கிப் போயிருந்தால் குற்றம் விண்டோஸில் இல்லை. தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற பற்றரி ஓய்ந்துவிட்டது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் பற்றரி. அதனை மாற்றினால் போதும். திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையத்தளங்களும் திறக்க மறுக்கும். பலர் அதனை இணைய இணைப்பின் கோளாறென்று எண்ணுகிறார்கள்.

ஒரு மென்பொருள் மட்டும் மறந்தால் அந்த மென்பொருளையே பார்க்க வேண்டும். உலாவி மூடும்போது எல்லாவற்றையும் அழிக்கும்படி அமைந்திருந்தால், அது கடவுச்சொல்லைக் கேட்கத்தான் செய்யும். பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் கோப்புறைகளின் தோற்றத்தை நினைவில் வைப்பதற்கு எண்ணிக்கை வரம்பொன்றே இருந்தது; முதலில் அது 400. அதற்கு மேல் திறந்தால் மறதி தொடங்கும். பாடசாலைகளிலும் இணைய நிலையங்களிலும் ஒவ்வொரு தொடக்கத்திலும் பழைய நிலைக்கே திரும்பும்படி வேண்டுமென்றே அமைத்து வைப்பதும் உண்டு. அது நோயல்ல, காவல்.

திரை முழுவதும் அந்நியமாகத் தோன்றினால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில், அந்தத் திரையில் புதிதாக எதையும் எழுத வேண்டாம். எழுதியிருந்தால் வெளியே பிரதி எடுங்கள். அடுத்து, உங்கள் பெயருள்ள கோப்புறையைத் தேடி அதிலுள்ளவற்றையும் பிரதி எடுங்கள். அதன்பின் ஓரிரு முறை கணினியை மீண்டும் தொடக்கிப் பாருங்கள். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் கோப்பைப் பிடித்து வைத்திருந்ததுதான் காரணமெனில் அதுவே போதும். பின்னர் வட்டைப் பரிசோதியுங்கள். எதுவும் சரிவராவிட்டால் புதிய பயனர் கணக்கொன்றைத் தொடங்கி ஆவணங்களை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். என்டியூசர் என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வட்டை அழிப்பது இவை யாவும் பயனளிக்காதபோது செய்யும் வேலை. கடைக்காரருக்கு அது எளிதான வழி. அவர் அழிப்பது வெறும் கோப்புகள். உரியவருக்கோ அது ஆயுட்கால உழைப்பு. ஆகவே கணினியைக் கையளிக்குமுன், "எனது கோப்புறையைப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பார்த்தேன் என்று அவர் சொன்னால், அதனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.