எதற்கும் உதவும் ஒரு சீட்டு

சீட்டாட்டம் என்றதும் நம் வீடுகளில் முகம் சுளிப்பவர்களே அதிகம். நாங்கள் இங்கே பேச விரும்பும் ஆட்டத்தில் பணயம் ஏதும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு சீட்டையும் விலை கொடுத்து வாங்கியாக வேண்டும் என்பதால், முகச்சுளிப்புக்கு அங்கும் குறைவில்லை. 'மேஜிக்: த கேதரிங்' என்பது அதன் பெயர். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணிதவியலாளர் வடிவமைத்து, அமெரிக்காவின் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்து, குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்றை ஆடுபவரே அமைத்துக்கொண்டு வர வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக, ஒரே சீட்டில் நான்கு படிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள இயலாது. ஆக, மேசையில் அமர்வதற்கு முன்பே, எதை எடுப்பது, எதை விடுவது என்னும் தீர்மானத்தில் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது.

நாங்கள் அக்காவும் தம்பியும். 2012இல் நியூஜெர்சியில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். வெள்ளிக்கிழமை மாலைகளில் அருகிலிருந்த விளையாட்டுக் கடைக்குச் செல்வது எங்கள் வழக்கம். இருவருக்கும் சேர்த்து ஒரே கட்டுதான்; இரண்டாவது வாங்க வசதியில்லை. ஒரு வாரம் ஒருவர் ஆட, மற்றவர் பின்னால் நின்று வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருப்போம். மூத்தவளுக்கு எதிராளியின் மந்திரங்களை முறியடித்துப் பொறுமையாக வெல்வதில் விருப்பம். இளையவனுக்கு நெருப்பைக் கொண்டு விரைவாக முடித்துவிட வேண்டும். முறியடிப்பது இவ்வாட்டத்தில் நீல நிறத்தின் குணம், எரிப்பது சிவப்பின் குணம். எனவே எங்கள் கட்டு நீலமும் சிவப்பும் கலந்ததாக அமைந்தது. அதில் எதை நீக்குவது என்று ஓயாமல் சண்டையிட்டிருக்கிறோம். இருவரில் எவருமே நீக்கச் சொல்லாத சீட்டு ஒன்றே ஒன்று: இஸ்ஸெட் சார்ம்.

அச்சீட்டு 2012 அக்டோபரில் 'ரிட்டர்ன் டு ராவ்னிகா' தொகுப்பில் வெளிவந்தது. ராவ்னிகா என்ற கற்பனை நகரில் பத்து சங்கங்கள் உண்டு. அவற்றுள் இஸ்ஸெட் என்பது நிவ்-மிஸ்ஸெட் என்னும் டிராகனின் தலைமையில் இயங்கும் ஆய்வாளர் சங்கம். பத்து சங்கங்களுக்கும் ஆளுக்கொரு 'சார்ம்' அச்சிடப்பட்டது. ஐந்து இத்தொகுப்பிலும், ஐந்து 2013இல் வந்த 'கேட்கிராஷ்' தொகுப்பிலுமாக. ஒவ்வொன்றிலும் மூன்று வேலைகள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்துகொள்ளலாம். இஸ்ஸெட் சார்மின் மூன்று வேலைகள் இவை: எதிராளி இரண்டு மானா கூடுதலாகச் செலுத்தாவிட்டால் உயிரினம் அல்லாத அவரது மந்திரம் ஒன்றை முறியடித்தல், உயிரினம் ஒன்றுக்கு இரண்டு சேதம் விளைவித்தல், இரண்டு சீட்டுகளை எடுத்து, பின் இரண்டைக் கழித்தல். செலவு இரண்டு மானா, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று.

கடையின் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒருநாள் எங்கள் கட்டைப் புரட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் சலிப்பில்லாதவர். நான்கு சார்ம்களையும் உருவித் தனியே வைத்துவிட்டு, இவற்றை எடுத்துவிடுங்கள் என்றார். காரணத்தையும் விளக்கினார். முறியடிக்கும் அதே வேலையை 'ஸ்பெல் பியர்ஸ்' ஒரே மானாவில் செய்கிறது. 'ஷாக்' ஒரே மானாவில் இரண்டு சேதம் விளைவிக்கிறது. அதுவும் உயிரினத்தை மட்டுமன்றி ஆடுபவரையே தாக்க வல்லது. 'ஃபெய்த்லெஸ் லூட்டிங்' ஒரே மானாவில் இரண்டு எடுத்து இரண்டு கழிக்கிறது. பிற்பாடு இன்னொரு முறையும் பயன்படுகிறது. மூன்று வேலைகளிலும் சார்ம் இரண்டாந்தரம் என்பதே அவரது முடிவு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று ஊரில் சொல்வார்கள். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் அதுவே.

அவர் கணக்கில் பிழையில்லை. எங்களுக்கு மறுப்பு இருந்தது அவர் கேட்ட கேள்வியில்தான். இந்த வேலையைச் சிறப்பாகச் செய்யும் சீட்டு எது என்று அவர் கேட்டார். வரப்போகும் வேலை எதுவென்று தெரியாதபோது கையில் எது இருக்க வேண்டும் என்பதே எங்கள் கேள்வி.

60 சீட்டுகளில் ஒன்றை நான்கு படிகள் வைத்தாலும், முதலில் எடுக்கும் ஏழு சீட்டுகளில் அது ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடுதான். பத்துச் சீட்டுகளைப் பார்த்த பின்னும் 53 விழுக்காட்டைத் தாண்டாது. மூன்று வேலைகளுக்கும் மூன்று தனிச் சீட்டுகள் வைத்தால் பன்னிரண்டு இடங்கள் போய்விடும். அப்போதும் முறியடிக்க வேண்டிய வேளையில் ஷாக்கும், எரிக்க வேண்டிய வேளையில் ஸ்பெல் பியர்ஸும் கைக்கு வந்து சேரும். வேளை பொருந்தாத சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தோற்றவர்களுக்கு அதன் கனம் தெரியும். சார்ம் நான்கே இடங்களில் அந்த மூன்று வேலைகளையும் தாங்கி நிற்கிறது. அதற்கு நாம் தரும் வாடகை கூடுதலாக ஒரு மானா.

இன்னொன்றும் உண்டு. போட்டி மூன்று ஆட்டங்களைக் கொண்டது. இரண்டில் வென்றவருக்கு வெற்றி. முதல் ஆட்டம் முடிந்த பின், தனியே வைத்திருக்கும் 15 சீட்டுகளிலிருந்து எதிராளிக்கு ஏற்றவற்றை உள்ளே மாற்றிக்கொள்ளலாம். ஆகவே ஒரே வேலை செய்யும் கூர்மையான சீட்டுகளுக்கு உரிய இடம் அந்தப் பதினைந்து. முதல் ஆட்டத்தில் எதிரே அமர்ந்திருப்பவர் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்பதை நாம் அறியோம். அந்த அறியாமையை ஒப்புக்கொண்டு அமைக்கப்படும் கட்டில்தான் சார்ம் பொருந்துகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வருகிறது. எதிராளி நான்காம் சுற்றில் தம் நான்கு நிலங்களையும் செலவிட்டு 'ஜேஸ், ஆர்க்கிடெக்ட் ஆஃப் தாட்' சீட்டை இறக்கினார். கூடுதலாகச் செலுத்த அவரிடம் எதுவுமில்லை. சார்ம் அதை முறியடித்தது. அடுத்த ஆட்டத்தில் 'ஸ்னாப்காஸ்டர் மேஜ்' வந்தபோது அதே சார்ம் அவ்வுயிரினத்தை எரித்தது. எனினும் அந்த ஆட்டத்தில் தோற்றோம். மூன்றாவதில் எங்கள் கையில் உதவாத இரண்டு நிலங்களும் ஒரு சார்முமே மிஞ்சியிருந்தன. எதிராளியின் உயிர் மூன்று. அவரது சுற்றின் கடைசியில் இரண்டு எடுத்தோம், நிலங்களைக் கழித்தோம். எடுத்தவற்றில் ஒன்று 'சீரிங் ஸ்பியர்'. அதன் சேதமும் மூன்று. ஃபெய்த்லெஸ் லூட்டிங்கை அவர் சுற்றில் ஆட முடியாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அடுத்த எதிராளியிடம் தோற்றோம் என்பதை மறைப்பது நேர்மையாகாது. அவர் 'த்ராக்டஸ்க்' இறக்கினார். அது உயிரினம், ஆதலால் சார்மால் முறியடிக்க முடியாது. தாங்குதிறன் மூன்று, ஆதலால் எரிக்கவும் முடியாது. எங்களுக்கு அறிவுரை சொன்னவர் தொலைவிலிருந்து பார்த்துப் புன்னகைத்தார். வீடு திரும்பும் வழியில்தான் எங்களுக்கு உறைத்தது: ஷாக்கும் ஸ்பெல் பியர்ஸும் அங்கே அதே அளவு கையாலாகாதவையாகத்தான் இருந்திருக்கும். சார்ம் குறைந்தபட்சம் வேறு இரண்டு சீட்டுகளைத் தேடிப் பார்க்கவாவது இடம் கொடுத்தது.

இவ்வளவு விரிவாக வாதாடுவதற்கு வேறொரு காரணமும் இருந்ததை ஒப்புக்கொள்கிறோம். அந்த ஆண்டில் இளையவன் மூன்றாம் முறையாகப் படிப்பின் துறையை மாற்றியிருந்தான். கொஞ்சம் கணினி, கொஞ்சம் கணக்கியல், கொஞ்சம் மின்னணுவியல். எதிலும் நிலைக்காதவன் என்று தொலைபேசியில் வீட்டார் வருந்திய அதே வாரத்தில்தான் கடைக்காரர்களின் நடுவே நான்கு சார்ம்களும் தனியே உருவி வைக்கப்பட்டன. இளையவன் ஒன்றும் பேசவில்லை. மூத்தவள்தான் குரலை உயர்த்தி, அந்தச் சீட்டுக்காகத் தேவைக்கு மேல் வாதாடினாள். சீட்டுக்கும் மனிதருக்கும் ஒப்புமை காட்டுவது எங்கள் நோக்கமன்று. மனிதர்களை மானாவில் அளக்க இயலாது. ஆனால் அன்று மேசையில் பேசப்பட்டது சீட்டைப் பற்றி மட்டுமல்ல என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. அதைப் பற்றி நாங்கள் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

2014இல் புதிய தொகுப்பு வந்ததும், ராவ்னிகா சீட்டுகள் வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் ஆடிவந்த ஸ்டாண்டர்ட் பிரிவிலிருந்து விலகின. அதே பருவத்தில் மூத்தவளுக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்தது. கட்டைப் பிரித்துக்கொள்ள ஓர் இரவு தரையில் அமர்ந்தோம். முறியடிப்பவை ஒரு பக்கமும் எரிப்பவை மறுபக்கமும் எளிதாகப் பிரிந்தன. நான்கு சார்ம்கள் நடுவில் கிடந்தன. ஆளுக்கு இரண்டு என்பதுதான் நியாயம். ஆனால் இரண்டு படிகளால் எந்தக் கட்டும் பயனடையாது என்று மூத்தவள் கணக்குச் சொல்லி, நான்கையும் இளையவன் பக்கம் தள்ளினாள். கணக்கு அவ்வளவு சரியானதல்ல. இளையவன் அதைச் சுட்டிக்காட்டாமல் எடுத்து வைத்துக்கொண்டான்.